ஏற்காட்டு ஈரத்தில் வில்லை எப்படிப் பாதுகாப்பது?

கேள்வி – காபித்தோட்டம், ஏற்காடு:
சேலத்தில் வில்வித்தை பயிலும் என் மகளிடம் இந்தியன் ரவுண்ட் என்ற உள்நாட்டுப் போட்டிப் பிரிவுக்கான மூங்கில் வில் ஒன்றும், புதிதாக வாங்கிய, நுனிகள் எதிர்ப்புறமாக வளைந்த ரிகர்வ் வில் ஒன்றும் உள்ளன. விடுமுறையில் அவளோடு அவையும் மலையேறி வந்துவிடுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மூடுபனி வீட்டுக்குள்ளேயே புகுந்துவிடுவதால், ரெக்ஸின் உறையில் இருந்த மூங்கில் வில்லின் கைப்பிடியில் வெள்ளையாகப் பூசணம் பூத்திருக்கிறது. ரிகர்வ் வில்லின் நாணும் பஞ்சு பஞ்சாகக் கிளம்புகிறது. விறகடுப்பின் மேலுள்ள பரணில் வைத்தால் எதுவும் அண்டாது என்கிறார் என் மாமனார். அப்படி வைக்கலாமா?

பதில் – அஸ்தம்பட்டி வில்லாளி:
பரண் வேண்டாம் ஐயா. கூரைக்குப் போடும் மூங்கில் உளுத்துப்போகாமல் புகை காக்கும் என்பதால் பெரியவர் சொல்வதில் நியாயம் உண்டு; ஆனால் வளைந்து நிமிர வேண்டிய வில், அடுப்புச் சூட்டில் அளவுக்கு மீறிக் காய்ந்தால், இழுக்கும்போது நார் விட்டு வெடித்துவிடும். பூசணத்தை உலர்ந்த துணியால் துடைத்து, நாணை இறக்கி, வெயில் படாத உள்சுவரில் இரண்டு முளைகளின் மேல் படுக்கைவாட்டில் வையுங்கள். மூலையில் ஒரு முனையை ஊன்றிச் சாத்தி வைத்தால் நாளடைவில் கோணிவிடும். உறைக்குள் வைத்தே ஆக வேண்டுமென்றால் பருத்தித் துணி உறை போதும், ரெக்ஸின் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்துவிடும். வில்லுக்கு அடியில் மாவு போன்ற தூள் உதிர்ந்திருக்கிறதா என்றும் அவ்வப்போது பாருங்கள். இருந்தால் வண்டு துளைக்கிறது என்று பொருள்.

பதில் – பயிற்சியாளர், சேலம்:
ரிகர்வ் வில்லுக்கு ஈரத்தைவிடச் சூடுதான் எமன். அதன் லிம்புகள், அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் கைகள், மரம் அல்லது ஃபோம், ஃபைபர்கிளாஸ், கார்பன் ஆகியவற்றைப் படலம் படலமாக ஒட்டிச் செய்யப்படுபவை. சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டக்கூடும் என்பதால், அங்கே விட்டுச் சென்றால் பசை இளகிப் படலங்கள் பிரிந்துவிடலாம். நாண் ஏற்றவும் இறக்கவும் அதற்கென உள்ள கயிற்றையே பயன்படுத்தச் சொல்லுங்கள். காலுக்கிடையில் வில்லை நுழைத்து வளைத்தால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும். பஞ்சு கிளம்பிய நாணில் நாண் மெழுகைத் தடவி, சிறு தோல் துண்டால் சூடு பிறக்கும்வரை தேய்த்தால் இழைகள் படிந்துவிடும். நடுவில் நூல் சுற்றிய பகுதிக்கு மெழுகு வேண்டாம். ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்த நாணைக் கழித்துவிடுங்கள்.

கேள்வி – ஏற்காடு அடிவாரம்:
நுனிகளில் கப்பி வைத்த காம்பவுண்டு வில்லுக்கும் இதே முறைதானா? துப்பாக்கி போன்ற தண்டில் குறுக்காகப் பொருத்திய, நண்பரின் குறுக்கு வில் ஒன்றும் என் பொறுப்பில் இருக்கிறது.

பதில் – பயிற்சியாளர், சேலம்:
காம்பவுண்டு வில்லின் நாணைக் கழற்ற லிம்புகளை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் என்ற கருவி தேவை. எனவே நாணோடே வைக்கலாம், கப்பிகளோடு இணைந்த கேபிளுக்கும் மெழுகு பூச வேண்டும். குறுக்கு வில்லை நாண் இழுத்துப் பூட்டிய நிலையில் ஒருபோதும் வைக்காதீர்கள். நாண் உரசியோடும் தண்டின் மேற்புறத்தில் அதற்குரிய மசகை மெல்லியதாகத் தடவுங்கள். எந்த வில்லானாலும் அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடக்கூடாது, அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் வில்லிலேயே இறங்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அம்புகளைத் தனியாகப் பூட்டி வையுங்கள்.