நான்கு மாதப் பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தச் செலவைக் குறைப்பது?

செந்தூல் தாய் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 98 நாள் மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் மாதத்திலேயே, நானும் என் கணவரும் மாதந்தோறும் சேமிப்புக்கு ஒதுக்கி வந்த 300 வெள்ளியை (ரிங்கிட்) ஒதுக்க முடியாமல் போய்விட்டது. மகளுக்கு நான்கு மாதம் நிறைந்திருக்கிறது. பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் தாஸ்காவுக்கு (குழந்தைப் பராமரிப்பு நிலையம்) 600 வெள்ளி, பகலில் மட்டும் கொடுக்கும் பால்மாவுக்கு இரண்டு பெரிய டின், பேம்பர்ஸ், இவை போதாதென்று தனியார் கிளினிக்கில் போடும் தடுப்பூசிக்கு ஒவ்வொரு முறையும் சில நூறு வெள்ளி என்று சம்பளம் பத்தாம் தேதிக்குள் கரைந்துவிடுகிறது. ஒரு கரண்டி குறைத்துக் கலந்தால் டின் கூடுதலாகச் சில நாள் வரும் என்று தெரிந்தவர் சொன்னதைக் கேட்டு, சென்ற வாரம் இரண்டு முறை அப்படியே கலந்துவிட்டேன். அது முதல் மனம் ஒரு நிலையில் இல்லை. பிள்ளைக்குக் குறை வைக்காமல் எதைக் குறைக்கலாம் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி, பினாங்கு:

தங்கைக்கு வணக்கம். முதலில் அந்தக் கரண்டியைப் பற்றிப் பேசிவிடுவோம். டின்னில் எழுதியிருக்கும் அளவை இனி ஒருபோதும் குறைக்காதீர்கள். தண்ணீர் கூடிய பாலில் பிள்ளையின் வயிறு நிறையுமே தவிர எடை ஏறாது; தொடர்ந்து கொடுத்தால் இரத்தத்தில் உப்புச் சத்து குறைந்து வலிப்பு வரைக்கும் கொண்டுபோய்விடும். இரண்டு முறை நடந்ததற்காகக் கலங்க வேண்டாம். பிள்ளை வழக்கம்போல் குடித்துச் சிரித்து விளையாடுகிறாள் என்றால், அடுத்த முறை கிளினிக்கில் எடை பார்க்கும்போது தாதியிடம் சொன்னால் போதும்.

பால்மாவில் பணம் உண்மையில் வீணாவது வேறு இடத்தில். பெரும்பாலான வீடுகளில் 150 மில்லி கலந்து, பிள்ளை 90 மில்லி குடித்தபின் மிச்சத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றுகிறார்கள். குடித்து மிஞ்சிய பாலை மறுபடி கொடுக்கவே கூடாது என்பதால், முதலில் குறைவாகக் கலந்து, கேட்டால் மீண்டும் கலந்து கொடுங்கள். மேலும், பிறந்தது முதல் கொடுக்கும் முதல் நிலைப் பால்மா எந்த விலையில் விற்றாலும் மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளுக்கு உட்பட்டுத்தான் வர வேண்டும். விலை கூடிய டின் என்பதாலேயே பிள்ளை கூடுதலாக வளராது. ஓராண்டு நிறைந்த பிறகு, வளரும் பிள்ளைகளுக்கென்று தனியாக விற்கும் பால்மாவும் தேவையில்லை. வீட்டுச் சாப்பாட்டோடு சாதாரண முழுக்கொழுப்புப் பால் போதும்.

ஊசிக்கு நீங்கள் பணம் கட்டவே தேவையில்லை. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் உள்ளவை அரசாங்க சுகாதார கிளினிக்கில் குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்கு இலவசம். ஆறு நோய்களைத் தடுக்கும் ஒரே ஊசி 2020 நவம்பர் முதல் அங்கேயே போடப்படுகிறது; 2020இலும் அதன் பின்னும் பிறந்த பிள்ளைகளுக்கு நியூமோகோக்கல் ஊசியும் உண்டு. பாதியில் மாறுகிறோமே என்று தயங்காமல், இதுவரை போட்டவை குறிக்கப்பட்ட புத்தகத்தை எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். காத்திருக்கும் நேரம் நீளும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அரை நாள் விடுப்பு எடுப்பது நல்லது.

பிரிக்பீல்ட்ஸ் அப்பா:

தாதி அம்மா சொன்னதோடு, வருமான வரியையும் கவனியுங்கள். தாஸ்கா சமூக நலத்துறையில் பதிவு பெற்றதாக இருந்தால், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கட்டும் கட்டணத்தில் ஆண்டுக்கு 3,000 வெள்ளி வரை வரிக் கழிவு கேட்கலாம். கணவன் மனைவியில் ஒருவர் மட்டுமே கேட்க முடியும். பால் கறக்கும் பம்ப் போன்ற தாய்ப்பால் கருவிகளுக்கு, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள வேலைக்குப் போகும் தாய் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 1,000 வெள்ளி வரை கேட்கலாம். இந்தத் தொகை வரி கணக்கிடும் வருமானத்தில் கழிக்கப்படுமே தவிர அப்படியே கைக்குத் திரும்பி வராது என்பதைப் பலர் புரிந்துகொள்வதில்லை: உங்கள் வருமானம் 6 விழுக்காட்டு வரிப் படியில் இருந்தால், 3,000 வெள்ளிக் கழிவால் மிச்சமாவது 180 வெள்ளி. ஆனாலும் அது பேம்பர்ஸ் வாங்கும் காசுதானே. எங்கள் வீட்டில் முதல் ஆண்டு ரசீதுகளைத் தொலைத்துவிட்டு வருந்தினோம். இப்போது ரசீது கிடைத்த அன்றே கைப்பேசியில் படம் எடுத்து வைக்கிறேன், ஏனென்றால் அந்தத் தாளில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடுகிறது.

ஜெலுத்தோங் அக்கா:

என் மூன்று பிள்ளைகளுக்கும் பேம்பர்ஸ் இரவிலும் வெளியே போகும்போதும் மட்டும்தான். பகலில் வீட்டில், பழைய வேட்டியைக் கிழித்து மடித்த துணி. நனைந்தவுடன் மாற்ற வேண்டியிருப்பதால் வேலை கூடும் என்பது உண்மைதான். ஆனால் நம் ஊர் வெயிலில் இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும், தொடையிடுக்கில் சிவந்து போவதும் குறைந்தது. உங்களுக்கு அது சனி ஞாயிறில்தான் முடியும், அதுவே போதும். தொட்டில் கட்டிலுக்கு 400 வெள்ளி கொடுக்காமல் ஸ்பிரிங் மாட்டிச் சாரோங்கில் தொங்கவிட்டோம். கொக்கியையும் துணியையும் வாரம் ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் மனம் வலித்துச் சொல்கிறேன். மூத்தவளின் முப்பதாம் நாள் விசேஷத்துக்கு மண்டபம் எடுத்து, சேமிப்பு என்று நினைத்துத் தங்கச் சங்கிலியும் தண்டையும் வாங்கினோம். பின்னர் அவசரத்துக்கு விற்கப் போனபோது செய்கூலியில் போன பணம் திரும்பவில்லை. இளையவனுக்கு அந்தத் தொகையை அவன் பெயரில் எஸ்எஸ்பிஎன் என்னும் தேசியக் கல்விச் சேமிப்புக் கணக்கில் போட்டோம். அதற்கும் வரிக் கழிவு உண்டு.

செந்தூல் தாய்:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு முதல் அளவு மாறாமல் 90 மில்லியாகக் கலக்கிறேன். ஊற்ற வேண்டிய மிச்சம் எதுவும் இல்லை. ஐந்தாம் மாத ஊசிக்கு அரசாங்க கிளினிக்கிற்குப் போக அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். தாஸ்காவில் பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறது. இந்த மாத ரசீதைக் கேட்டு வாங்கிவிட்டேன்.