ஸ்டென்ட் வைத்த இடத்திலேயே மீண்டும் அடைப்பு: உங்கள் அனுபவங்கள்

நெடுவழி:
இதயத் தமனியை விரித்துப் பிடிக்கும் கம்பிவலைக் குழாயான ஸ்டென்ட் வைத்து ஓராண்டு முடிவதற்குள், படியேறும்போது நெஞ்சில் அதே பழைய இறுக்கம் திரும்பிவிட்டது. ஸ்டென்டுக்குள்ளேயே திசு வளர்ந்து தமனியைக் குறுக்கியிருப்பது ஆஞ்சியோகிராமில் தெரிந்ததும், இன்னொரு ஸ்டென்ட் வேண்டாம், மருந்து பூசிய பலூன் போதும் என்று மருத்துவர் முடிவு செய்தார். மணிக்கட்டு வழியாகக் கதீட்டர் எனும் மெல்லிய குழாய் சென்றதை நான் உணரவே இல்லை. ஆனால் பேக்லிடாக்செல் மருந்து தமனிச் சுவரில் படிவதற்காகப் பலூனை ஏறத்தாழ ஒரு நிமிடம் விரித்தே வைத்திருந்தபோது, நெஞ்சுவலி முழு வேகத்தில் வந்தது. "பலூனைச் சுருக்கியதும் போய்விடும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றார். சொன்னபடியே போய்விட்டது. ஆயினும், என் இரத்த ஓட்டத்தை ஒருவர் தெரிந்தே நிறுத்தி வைத்திருந்த அந்த நிமிடம் இன்றும் என்னை உறங்கவிடுவதில்லை.

மேலைக்காற்று:
நீங்கள் நலமடைந்ததில் மகிழ்ச்சி. ஆனால் "பலூன் போதும்" என்பதை எவரும் பொதுவிதியாகக் கொள்ள வேண்டாம். என் தந்தைக்குத் திசு வளர்ச்சி பெரிய சிக்கலாக இல்லை. தமனியில் கெட்டிப்பட்டிருந்த கால்சியம் தடுத்ததால் ஸ்டென்ட் முதலிலேயே முழுதாக விரியவில்லை. தமனிக்குள்ளிருந்து ஒளியைக் கொண்டு எடுத்த ஓசிடி படத்தில் அது உடுக்கையைப் போல இடை ஒடுங்கி நின்றதை எனக்குக் காட்டினார்கள். அதிர்வலைகளால் கால்சியத்தை உடைக்கும் லித்தோட்ரிப்ஸி பலூனைச் செலுத்திய பிறகே அந்த ஒடுக்கம் விரிந்தது. முதல் சிகிச்சையிலேயே ஏன் உள்ளே பார்க்கவில்லை என்று கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார்கள்.

தனிமரம்:
எனக்கு இரண்டு முறை பலூன், பிறகு பைபாஸ், அவ்வளவுதான். மேலைக்காற்று அவர்களின் கோபம் புரிகிறது, ஆனால் ஓசிடி எல்லோருக்கும் எளிதன்று. அதற்குக் கூடுதலாகச் சாய மருந்து செலுத்த வேண்டும் என்பதால், சிறுநீரகம் நலிந்து கிரியேட்டினின் உயர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஐவஸ் எனப்படும் அல்ட்ராசவுண்ட் முறையையே விரும்புவார்கள். மேலும், 1977இல் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதன்முதலில் இதயத் தமனியில் பலூனை விரித்த காலந்தொட்டே மீளடைப்பு இச்சிகிச்சையின் தீராத் தலைவலி; ஸ்டென்டும், மருந்து பூசிய ஸ்டென்டும் அதைக் குறைத்தனவேயன்றி ஒழிக்கவில்லை. நெடுவழி, நீங்கள் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன்: பல் பிடுங்க வேண்டியிருந்தாலும் இதய மருத்துவரைக் கேட்காமல், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரெலையோ ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். சர்க்கரையையும் எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பின் அளவையும் கட்டுக்குள் வையுங்கள். ஸ்டென்டின் நீளம், விட்டம், வைத்த இடம் ஆகியவை குறித்த அறிக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.