லாக்₈ 32-க்கு இரண்டு விடை வருகிறது, எது சரி?

பென்சில்முனை:
கால்குலேட்டர் இல்லாமல் இதன் மதிப்பு காண வேண்டும்:

லாக்₂ 9 × லாக்₃ 16 + லாக்₈ 32 − லாக்₂₅ 125

விடைப் பகுதியில் 49/6 என்று இருக்கிறது. எனக்கு அது வரவே இல்லை. முதல் பெருக்கலில் அடிமானத்தை அடிமானத்தோடும் எண்ணை எண்ணோடும் பெருக்கி லாக்₆ 144 என்று எழுதினேன். அடுத்ததில் லாக் 32 / லாக் 8 வரை போய், வகுத்தல் விதிப்படி லாக் 4 ஆக்கினேன், 0.602. சரிபார்க்கலாம் என்று கால்குலேட்டரில் இரண்டு லாக்கையும் தனித்தனியே எடுத்து வகுத்தால் 1.6667 காட்டுகிறது. எங்கே சறுக்கினேன்?

அடுக்கேணி:
கால்குலேட்டர் சொல்வதுதான் சரி. வகுத்தல் விதி லாக்குக்கு உள்ளே நடக்கும் வகுத்தலுக்கு மட்டும்தான்: லாக் (32/8) = லாக் 32 − லாக் 8. அதாவது 1.5051 − 0.9031, உங்கள் 0.602 அதுதான். ஆனால் உங்கள் கையில் இருப்பது 1.5051-ஐ 0.9031-ஆல் வகுப்பது. இரண்டு லாக்குகள் ஒன்றையொன்று வகுக்கும்போது உள்ளே இருக்கும் எண்களை வகுத்துச் சுருக்குவதற்கு விதியே கிடையாது. அதே போல இரண்டு லாக்குகளைப் பெருக்கும்போது அடிமானங்களையும் எண்களையும் பெருக்குவதற்கும் விதி இல்லை. லாக்₆ 144 அங்கேதான் தவறுகிறது.

கால்குலேட்டர் இல்லாமல் என்றாலே, அடிமானமும் எண்ணும் ஒரே எண்ணின் அடுக்குகளா என்று முதலில் பாருங்கள். 8 = 2³, 32 = 2⁵. லாக்₈ 32 = க என்று வைத்தால் 8-இன் அடுக்கு க, 32 ஆக வேண்டும். இரண்டையும் 2-இன் அடுக்காக எழுதினால் 3க = 5, க = 5/3. எண்ணின் அடுக்கு மேலே, அடிமானத்தின் அடுக்கு கீழே. தலைகீழாகப் போட்டுவிட்டோமா என்ற சந்தேகம் வந்தால் 8¹ = 8, 8² = 64, நடுவில் 32; ஆகவே விடை 1-க்கும் 2-க்கும் இடையில் இருந்தாக வேண்டும். லாக்₂₅ 125 இதே வழியில் 3/2.

பெருக்கலுக்கு: லாக்₂ 9 = 2 லாக்₂ 3, லாக்₃ 16 = 4 லாக்₃ 2. லாக்₂ 3-உம் லாக்₃ 2-உம் ஒன்றுக்கொன்று தலைகீழி, பெருக்கினால் 1. மிஞ்சுவது 2 × 4 = 8.

8 + 5/3 − 3/2 = 49/6.

லாக்₆ 144 ஏறக்குறைய 2.77. லாக்₂ 9 மட்டுமே 3-க்கு மேல், லாக்₃ 16 இரண்டுக்கு மேல். பெருக்கல் 6-ஐத் தாண்டாமல் இருக்க வழியில்லை. இந்த ஒரு வரி யோசனையே தப்பைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

மூலக்குறி:
மேலே சொன்னதோடு, இதே வகையில் வழக்கமாக மாட்டிவிடுகிற சில. அடிமானம் 1/3, எண் 27 என்றால் விடை −3. அடிமானம் 1-க்குக் கீழே, எண் 1-க்கு மேலே இருந்தால் குறி எப்போதும் மைனஸ்தான். அடிமானம் √2, எண் 8 என்றால் 3-ஐ 1/2-ஆல் வகுத்து 6. இதில் 3/2 என்று எழுதுபவர்கள்தான் அதிகம்.

லாக்₂ க + லாக்₄ க + லாக்₈ க = 11 மாதிரி சமன்பாடு வந்தால் எல்லாவற்றையும் அடிமானம் 2-க்குக் கொண்டுவாருங்கள்: (1 + 1/2 + 1/3) லாக்₂ க = 11, லாக்₂ க = 6, க = 64. ஆனால் லாக்₄ க² என்று வந்தால் உடனே லாக்₂ க என்று எழுதிவிடாதீர்கள். க மைனஸாக இருந்தாலும் க² பிளஸ்தான், எனவே அது லாக்₂ |க|. மட்டுக்குறியை விட்டால் ஒரு தீர்வு காணாமல் போகும்.

பென்சில்முனை:
புரிந்தது, நன்றி. லாக்₃ 7 மாதிரி பொதுவான எண்ணே இல்லாதபோது? அப்போது எந்த அடிமானத்துக்கு மாற்றுவது?

அடுக்கேணி:
எதற்கு வேண்டுமானாலும், மேலும் கீழும் ஒன்றாக இருந்தால் போதும். அடிமானம் 10-இல் 0.8451 / 0.4771. நான்கு இலக்கத்தோடு வெட்டிவிட்டு வகுப்பதால் 1.7713 வருகிறது, உண்மையில் 1.7712. அதனால் இடையில் முழுமையாக்காமல் கடைசியில் மட்டும் செய்யுங்கள். மேலே லாக் பொத்தான், கீழே இயல்மடக்கைப் பொத்தான் (ln, அடிமானம் 2.718…) என்று கலந்தால் 0.8451 / 1.0986 = 0.769. 7 என்பது 3-ஐ விடப் பெரியது, விடை 1-க்குக் கீழே வர முடியாது.

அரைப்புள்ளி:
கணினியில் போடுபவர்களுக்கு: எக்செலில் வெறும் லாக் என்றால் அடிமானம் 10. பைத்தான், சி, ஜாவாஸ்கிரிப்ட்டில் வெறும் லாக் என்றால் இயல்மடக்கை, அடிமானம் 2.71828… பைத்தானில் மேத்.லாக்(1000, 10) கேட்டால் 3 வராது, 2.9999999999999996 வரும்; உள்ளே இரண்டு இயல்மடக்கைகளை வகுப்பதால் நேரும் பிசகு. அதை முழு எண்ணாக வெட்டி 1 கூட்டி இலக்கங்களை எண்ணினால், நான்குக்குப் பதிலாக 1000-க்கு மூன்று இலக்கம் என்று சொல்லும். அடிமானம் 10-க்கும் 2-க்கும் தனியாக லாக்10, லாக்2 இருக்கின்றன, அவற்றையே எடுங்கள். இலக்கம் எண்ணுவது மட்டும்தான் வேலை என்றால் லாக்கே வேண்டாம், எண்ணைச் சரமாக்கி நீளம் பாருங்கள்.