விண்டோஸ் 10 அப்டேட் 0எக்ஸ்80070643 காட்டித் தோற்றுக்கொண்டே இருக்கிறது, ஃபார்மட் செய்துதான் ஆக வேண்டுமா?

வைகைக்கரை:

வணக்கம். வீட்டில் அப்பா பயன்படுத்தும் லேப்டாப். விண்டோஸ் 10 ஹோம், 22எச்2, 256 ஜிபி எஸ்எஸ்டி. 2024 ஜனவரியில் வந்த கேபி5034441 என்ற அப்டேட் இறங்குகிறது, இன்ஸ்டால் ஆகத் தொடங்குகிறது, அப்புறம் 0எக்ஸ்80070643 என்று பிழை காட்டி நின்றுவிடுகிறது. ரீட்ரை கொடுத்தாலும் அதேதான். அப்டேட் டிரபிள்ஷூட்டர் ஓட்டியாயிற்று, அப்டேட்கள் இறங்கிச் சேரும் சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டரின் பெயரை மாற்றிப் பார்த்தாயிற்று, விண்டோஸ் கோப்புகள் கெட்டிருக்கின்றனவா என்று சோதிக்கும் எஸ்எஃப்சி, டிஸ்ம் கட்டளைகள் இரண்டும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே சொல்கின்றன. சி டிரைவில் 90 ஜிபிக்கு மேல் காலியாக இருக்கிறது, ஆகவே இடம் போதவில்லை என்றும் சொல்ல முடியாது.

பக்கத்தில் உள்ள கடையில் கேட்டால் சிஸ்டம் கரப்ட் ஆகிவிட்டது, ஃபார்மட் பண்ணி புதிதாகப் போட்டால்தான் சரியாகும் என்கிறார்கள். அதில்தான் எனக்குத் தயக்கம். அப்பா பல வருடங்களாக பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள், அதற்கான பழைய விசைப்பலகை மென்பொருள், ஒரு நண்பருக்காகப் பார்க்கும் டாலி கணக்கு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. திரும்ப அதே நிலைக்குக் கொண்டுவருவது பெரிய வேலை. ஃபார்மட் இல்லாமல் இதைச் சரி செய்ய வழி உண்டா? இந்த ஒரு அப்டேட் ஏறாததால் மற்ற பாதுகாப்பு அப்டேட்களும் நின்றிருக்குமா என்பதும் கவலையாக இருக்கிறது.

கணினித்திண்ணை:

ஃபார்மட் வேண்டவே வேண்டாம். தயவுசெய்து கடையில் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் விண்டோஸ் கெடவில்லை, எஸ்எஃப்சியும் டிஸ்மும் சொன்னது உண்மைதான்.

அந்தப் பிழை எண்தான் ஆளைக் குழப்புகிறது. அதன் கடைசியில் வரும் 643 பதினாறடிமான எண், சாதாரண எண்ணாக மாற்றினால் 1603. மென்பொருள் இன்ஸ்டால் செய்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது பார்த்திருக்கும் அதே 1603தான், நிறுவல் தோற்றது என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. உண்மையில் காட்டியிருக்க வேண்டியது வட்டில் இடம் போதவில்லை என்ற பிழை. பிழையைக் கையாளும் பகுதியில் உள்ள கோளாறால் பொதுவான எண் வந்துவிடுகிறது என்று மைக்ரோசாஃப்ட்டே அந்த அப்டேட்டின் பக்கத்தில் எழுதியிருக்கிறது.

எந்த வட்டில் இடம் போதவில்லை என்பதுதான் விஷயம். சி டிரைவ் இல்லை. விண்டோஸ் கிளம்பாமல் போனால் நீல நிறத்தில் ரிப்பேர் திரை ஒன்று வருமே, அது விண்டோஸ் ரெக்கவரி என்விரான்மென்ட், சுருக்கமாக வின்ஆர்ஈ. அது வழக்கமாக வட்டின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத தனிப் பார்ட்டிஷன் (வட்டின் பிரிவு) ஒன்றில் உட்கார்ந்திருக்கும். பழைய நிறுவல்களில் அந்தப் பார்ட்டிஷன் 500 எம்பி அளவில்தான் இருக்கும், பெரும்பகுதியை வின்ஆர்ஈ கோப்பே எடுத்துக்கொள்ளும். கேபி5034441 சாதாரண விண்டோஸுக்கான அப்டேட்டே இல்லை, அந்த ரெக்கவரிப் பகுதிக்கு மட்டுமானது. அது ஏற வேண்டுமென்றால் அங்கே 250 எம்பி காலியாக இருக்க வேண்டும். உங்கள் சி டிரைவில் 90 ஜிபி இருந்தாலும் அதற்குப் பயனில்லை.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, வின்ஆர்ஈயைக் கையாளும் ரீஏஜென்ட்சி கட்டளையை இன்ஃபோ என்பதோடு கொடுத்தால் வின்ஆர்ஈ எந்த எண் பார்ட்டிஷனில் இருக்கிறது என்று காட்டும். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அதன் அளவையும் அது சி டிரைவுக்கு அடுத்து வலது பக்கம் ஒட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒட்டியிருந்தால் வழி நேரானது. ரீஏஜென்ட்சியால் வின்ஆர்ஈயை அணைத்து, பார்ட்டிஷன்களை மாற்றும் கட்டளைக் கருவியான டிஸ்க்பார்ட்டில் சி டிரைவை 250 எம்பி சுருக்கி, பழைய ரெக்கவரி பார்ட்டிஷனை நீக்கி, கிடைத்த மொத்த இடத்தில் புதியதை உருவாக்கி, ரீஏஜென்ட்சியை மறுபடி எனேபிள் செய்வது, அவ்வளவுதான். முழுக் கட்டளைகளும் மைக்ரோசாஃப்ட்டின் கேபி5028997 பக்கத்தில் இருக்கின்றன. ஜிபிடி (புதிய வகைப் பார்ட்டிஷன் அமைப்பு) வட்டுக்கு நீளமான ஐடி ஒன்று கொடுக்க வேண்டிவரும், அதைக் கையால் தட்டாமல் அந்தப் பக்கத்திலிருந்து காப்பி செய்து ஒட்டுங்கள்.

மற்ற அப்டேட்கள் நிற்கவில்லை. அப்டேட் ஹிஸ்டரியைத் திறந்தால் ஒவ்வொரு மாதமும் வந்த க்யூமுலேட்டிவ் அப்டேட் ஏறியிருப்பது தெரியும்.

நெய்தல்:

திண்ணை சொன்ன காரணம் முழுக்கச் சரி. ஆனால் வைகைக்கரை அதைச் செய்யத்தான் வேண்டுமா என்பதில் எனக்கு வேறு கருத்து. இந்த அப்டேட் எதை அடைக்கிறது என்று பாருங்கள். விண்டோஸின் என்க்ரிப்ஷன் வசதியான பிட்லாக்கரால் பூட்டிய வட்டை ரெக்கவரி வழியாகச் சுற்றிப்போய்ப் படித்துவிடும் ஓட்டை அது, அதன் பதிவு எண் சிவிஈ-2024-20666. லேப்டாப்பைக் கையில் வைத்திருப்பவரால்தான் அதைப் பயன்படுத்த முடியும், இணையம் வழியாக யாராலும் முடியாது. அப்பாவின் லேப்டாப்பில் என்க்ரிப்ஷனே இல்லை என்றால், திருடுகிறவர் எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலே எல்லாம் படித்துவிடலாம், இந்த ஓட்டை அவருக்குத் தேவையே இல்லை. அப்படிப்பட்ட கணினியில் பார்ட்டிஷனை நீக்கும் அபாயத்தை எதற்கு எடுக்க வேண்டும்? டிஸ்க்பார்ட்டில் ஒரு எண் தவறினால் போவது அந்த பாமினிக் கோப்புகள்தான், ரீசைக்கிள் பின்னில் தேடினால் கிடைக்காது.

மைக்ரோசாஃப்ட் ‘ஷோ ஆர் ஹைட் அப்டேட்ஸ்’ என்று ஒரு சிறு கருவி தந்திருக்கிறது. அதில் இந்த கேபி எண்ணை மறைத்துவிட்டால் பிழைச் செய்தி வருவது நின்றுவிடும். செட்டிங்ஸில் டிவைஸ் என்க்ரிப்ஷன் என்ற பக்கம் இருக்கிறதா, இருந்தால் ஆன் ஆகியிருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். ஆன் என்றால் நான் சொன்னது பொருந்தாது, அப்டேட்டை ஏற்றத்தான் வேண்டும்.

தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருப்பதிலும் பலனில்லை. இதற்குத் தானியங்கித் தீர்வு வராது, அவரவர் கையால்தான் செய்ய வேண்டும் என்று 2024 ஏப்ரல் கடைசியில் அறிவித்துவிட்டார்கள். வீட்டில் கணினி வைத்திருக்கும் சாதாரண மனிதரிடம் டிஸ்க்பார்ட்டைக் கொடுத்துச் செய்துகொள் என்பது நியாயமே இல்லை, அதில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு.

கணினித்திண்ணை:

நெய்தல் சொல்வதை ஏற்கிறேன், என்க்ரிப்ஷன் இல்லையென்றால் மறைத்துவிடலாம், அவசரம் எதுவும் இல்லை. ஒன்றே ஒன்று, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, ஆனாலும் வின்ஆர்ஈக்கு வேறு அப்டேட் வந்தால் திரும்ப இதே இடத்தில்தான் முட்டி நிற்கும். அதனால் ஒரு தடவை செய்துவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

மூன்றாம்பிறை:

செய்வதாக முடிவெடுத்தால் சில விஷயங்களைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள், நான் சர்வீஸ் வேலையில் இருப்பவன், அடிக்கடி பார்க்கிறேன்.

பிராண்டட் லேப்டாப்களில் ரெக்கவரி என்ற பெயரில் இரண்டு பார்ட்டிஷன்கள் இருக்கலாம். சின்னது வின்ஆர்ஈ. 10, 15 ஜிபி என்று பெரிதாக இருப்பது தயாரிப்பாளர் ஃபேக்டரி ரீசெட்டுக்காக வைத்தது. பெயரைப் பார்த்து நீக்காதீர்கள், ரீஏஜென்ட்சி காட்டிய எண்ணையும் அளவையும் பார்த்து மட்டும் செலக்ட் செய்யுங்கள். செலக்ட் செய்தபின் டீட்டெயில் பார்ட்டிஷன் என்று கொடுத்து இன்னொரு தடவை சரிபாருங்கள்.

அடுத்தது ரொம்ப முக்கியம். வின்ஆர்ஈயை டிஸேபிள் செய்ததும் அந்த வின்ஆர்ஈ டாட் விம் கோப்பு சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ரெக்கவரி ஃபோல்டருக்கு வந்து சேர வேண்டும். அது மறைந்த கோப்பு, சாதாரணமாகக் கண்ணில் படாது. வந்துவிட்டதா என்று பார்க்காமல் பழைய பார்ட்டிஷனில் கை வைக்கவே கூடாது. வராமல் இருந்து நீக்கியும் விட்டால் கடைசியில் எனேபிள் ஆகாது, பிறகு விண்டோஸ் நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓவுக்குள்ளிருந்து அந்தக் கோப்பைத் தோண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

என்க்ரிப்ஷன் ஆன் ஆகியிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். சார்ஜர் மாட்டியே இருக்கட்டும். பாமினிக் கோப்புகளையும் டாலி டேட்டா ஃபோல்டரையும் வெளி டிரைவில் போட்டுவிட்டு, அந்த டிரைவைக் கழற்றிய பிறகே டிஸ்க்பார்ட்டைத் திறங்கள், இல்லையென்றால் பட்டியலில் அதுவும் ஒரு டிஸ்க்காக வந்து நிற்கும்.

சில பழைய நிறுவல்களில் இந்தச் சின்ன பார்ட்டிஷன் சி டிரைவுக்கு முன்னால் இருக்கும். அப்படியென்றால் சி டிரைவைச் சுருக்கிக் கிடைக்கும் இடம் அதோடு சேராது. நிறுத்திவிட்டு இங்கே படம் போடுங்கள், அதற்கு வேறு வழி சொல்கிறேன்.

வைகைக்கரை:

மூவருக்கும் மிக்க நன்றி. டிவைஸ் என்க்ரிப்ஷன் ஆன் ஆகியிருந்தது, அப்பாவுக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே மறைக்காமல் செய்துவிட்டோம். வின்ஆர்ஈ நான்காவது பார்ட்டிஷனில், சி டிரைவை ஒட்டியே இருந்தது, அளவு 505 எம்பி. ஐந்தாவதாக 12 ஜிபியில் இன்னொரு ரெக்கவரி இருந்தது. மூன்றாம்பிறை சொல்லியிருக்காவிட்டால் பெரியதைத்தான் பழையது என்று நினைத்திருப்பேன். இப்போது 755 எம்பி. ரீஸ்டார்ட் செய்து அப்டேட் கொடுத்ததும் ஏறிவிட்டது. ரெக்கவரி கீயை அப்பா தன் டைரியில் எழுதி வைத்துக்கொண்டார். நிறுத்தி வைத்த பாதுகாப்பு தானாகத் திரும்பி வருமா, நான் ஆன் செய்ய வேண்டுமா?

மூன்றாம்பிறை:

நிறுத்திய விதத்தைப் பொறுத்தது. அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் என்க்ரிப்ஷன் நிலையைக் காட்டும் மேனேஜ்-பிடிஈ ஸ்டேட்டஸ் கொடுத்துப் பாருங்கள், ப்ரொடெக்‌ஷன் ஆஃப் என்று இருந்தால் நீங்களே ஆன் செய்ய வேண்டும். அப்படியே ரீஏஜென்ட்சி இன்ஃபோவையும் ஓட்டி எனேபிள்ட் என்று வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.