ஆச்சி வீட்டுக் குழு: கல்யாணத்துக்கு எந்த லெட்யூஸ்?

24 நவம்பர், இரவு 8:10

மைனி: கல்யாணம் ஜனவரி 28. சாலடுக்கு 10 கிலோ லெட்யூஸ் வேணும்னு சமையல்காரர் கேக்காவ. நம்ம பசுமைக்குடில்லயே வரும்லா?

பெரியத்தான்: ரோமெய்ன் ரகம் போடுங்க. போன தடவை அதான் முழங்கால் உசரம் வந்துச்சு

சித்தப்பா: மருமவனே, உசரம் விளைச்சல் இல்ல. அது பூக்கக் கிளம்புன செடி. வெக்கை கூடுனா நடுத்தண்டு நீண்டுரும். தண்ட ஒடிச்சா பாலு சொட்டும், இல கசக்கும்.
அடி இலையக் கழிச்சு தராசுல வச்சாத்தான் கணக்கு. ரோமெய்ன் ஒண்ணு 250 கிராம்னு வைங்க. 25 செ.மீ. இடைவெளி, சதுர மீட்டருக்கு 16 செடி, 4 கிலோ. ஆனா நட்டு 55 நாள் ஆகும். கிராண்ட் ரேபிட்ஸ் ரகம் 150 கிராம்தான். 20 செ.மீ.ல 25 செடி நிக்கும். 3.75 கிலோ, 35 நாள்ல.

அத்தை: மறுவீட்டு சொதிக்கு தேங்கா யாரு சொல்லிருக்கா

பெரியத்தான்: சொட்டுநீர் பைப்புக்கு நான் போட்ட காசு இன்னும் கணக்குல வரல மாமா

மைனி: அண்ணே, அது பெறவு

சித்தப்பா: நாத்து 25 நாள். 27ஆம் தேதி விதச்சா கிராண்ட் ரேபிட்ஸ் ஜனவரி 26ல அறுக்கலாம். ரோமெய்ன் 80 நாள், தேதிக்கு வராது.

தம்பி: எத்தன விதை? லொல்லோ ரோஸ்ஸோ ரகமும் போடட்டா, செவப்பா இருக்கும்

சித்தப்பா: 67 செடி போதும். முளைக்காதது, அழுகுறது போக 100 குழி போடு. விதைய மூடாத, வெளிச்சம் பட்டாத்தான் நல்லா முளைக்கும். ட்ரேய திண்ணையில வை. குடில்ல 30 டிகிரி தாண்டுனா விதை உறங்கிரும்.
லொல்லோ 20 போடு. பாலித்தீன் புற ஊதாவ மறைக்கதால செவப்பு சரியா ஏறாது, எடையும் கொறவு.

தம்பி: [படம்] இப்ப நிக்கதுல குருத்து ஓரம் கருகிருக்கு. கால்சியம் நைட்ரேட் உரம் கூட்டட்டா?

சித்தப்பா: கூட்டாத. மழை ஈரம் குடிலுக்குள்ள நிக்கு. இல வழியா தண்ணி போகாம குருத்துக்கு கால்சியம் போய்ச் சேராது. பக்கத் திரையச் சுருட்டு, ஃபேன் ஓடட்டும். ஈசிய, அதான் தண்ணில கரைஞ்ச உரத்தோட அளவ, 1.4க்கு இறக்கு.

பெரியத்தான்: ரோமெய்ன் ஒரு வரிசையாவது

சித்தப்பா: போட்டு ரெண்டையும் நிறுத்துப் பாப்போம். ஒரே நாள் விதை, ஒரே பாத்தி. ஓரச் செடிய மட்டும் நிறுக்கக் கூடாது, அது எப்பவும் கூடத்தான் காட்டும்.

மைனி: அப்ப சமையல்காரர்ட்ட 10 கிலோன்னு சொல்லிரவா மாமா?

தம்பி: விதை 27 போடுதேன். ரோமெய்ன் நாளைக்குப் பேசுவோம்

அத்தை: தேங்கா 150 போதுமா