ஆபீஸ் சேர் உருளும் அறைக்கு எந்தத் தரை நல்லது?

கேள்வி:
வீட்டில் நான் வேலை பார்க்கும் அறைக்குத் தரை மாற்ற வேண்டும். இப்போது இருப்பது பசையில்லாமல் கிளிக் முறையில் ஒன்றோடொன்று கோத்த லேமினேட் பலகை. மேசைக்கு முன்னால், பலகைகள் சேரும் இடத்தில் விளிம்பு உப்பிப் பெயர்ந்துவிட்டது. தடவினால் சிலாம்பு குத்துகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன வாரம் அம்மா உட்காரப் போனபோது சேர் பின்னால் ஓடிவிட்டது. நல்லவேளை, எலும்பு முறியவில்லை. ஆனால் இடுப்பில் இன்னும் வலி இருக்கிறது. நிறமும் அழகும் எப்படியிருந்தாலும் சரி, இனி ஒருதரம் அவர் விழக் கூடாது. டைல்ஸா, வினைலா, கார்பெட்டா? சேருக்கு அடியில் மேட் மட்டும் போட்டால் போதுமா?

பதில் 1:
முதலில் சேரைக் கவிழ்த்துச் சக்கரத்தைப் பாருங்கள். முழுக்க ஒரே நிறம், நகத்தால் அழுத்தினால் பதியவில்லை என்றால் அது கார்பெட்டுக்கான கெட்டிச் சக்கரம். வழவழப்பான தரையில் தொட்டாலே ஓடும், தரையையும் அரிக்கும். கடினத் தரைக்கானதில் சுற்றிலும் பாலியூரித்தேன் என்ற மெத்தென்ற பிளாஸ்டிக் பட்டை இருக்கும், பெரும்பாலும் வேறு நிறத்தில். ஐரோப்பியத் தரத்தில் முன்னதற்கு ஹெச், பின்னதற்கு டபிள்யூ என்று பெயர்.

அம்மாவுக்காக வாங்குவது பிரேக் சக்கரமாக இருக்கட்டும். ஆள் எழுந்ததும் பிடித்துக்கொள்ளும், உட்கார்ந்தால் விடும். இதற்கு நேரெதிராக, உட்கார்ந்தால் பிடிக்கிற வகையும் விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள். சக்கரத்தைச் சேரில் செருகும் தண்டு பல சேர்களில் 11 மி.மீ. தடிமன் இருக்கும், இருந்தாலும் அளந்துவிடுங்கள். ஐந்தையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பதில் 2:
தரை போடுவதுதான் என் தொழில். வினைல் என்றால் முழுப் பரப்பிலும் பசை தடவி ஒட்டுவதையே கேளுங்கள். கிளிக் வகையின் அடியில் தடித்த ஃபோம் இருந்தால், சக்கரம் ஏறும்போதெல்லாம் இணைப்பு அமுங்கி எழும். கடைசியில் பலகைகளைக் கோக்கும் நாக்கு உடையும். இதற்கென்றே ஓர் ஐரோப்பியச் சோதனை இருக்கிறது: எடை ஏற்றிய சக்கரங்களை 25,000 சுற்று ஓட்டிப் பார்ப்பார்கள். அட்டைப் பெட்டியில் சேர் சக்கரப் படம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வினைல்மேல் ரப்பர் சக்கரமும் ரப்பர் அடி வைத்த மேட்டும் ஆகவே ஆகாது. பழுப்புக் கறை ஊறிவிடும், கழுவினாலும் போகாது. டைல்ஸ் தாங்கும். ஆனால் தட்டிப் பாருங்கள்; பொள்ளல் சத்தம் வந்தால் அந்த இடத்தில் விரிசல் விடும்.

பதில் 3:
முள் வைத்த மேட் கார்பெட்டுக்கு மட்டும்தான். மற்ற தரைகளுக்குத் தட்டையான அடி உள்ளது வேண்டும். வயதானவர் நடமாடும் அறையில் நான் மேட்டே போடமாட்டேன். ஓரம் சுருண்டால் கால் தடுக்கும்.

கேட்டவர்:
கவிழ்த்துப் பார்த்தேன். ஐந்துமே கறுப்பு நைலான். ஒன்றில் முடி சுற்றி இறுகி, சக்கரம் சுற்றாமலே இழுபட்டிருக்கிறது. லேமினேட்டில் இருக்கும் நீளக் கோடு அதனால்தான். பிரேக் சக்கரம் சொல்லிவிட்டேன். வரும்வரை அம்மாவுக்கு நான்கு கால் மர நாற்காலி. பசை வினைலை இந்த லேமினேட் மேலேயே ஒட்டலாமா?

பதில் 2:
கூடாது. அடியில் அசையும் தரைமேல் பசை நிற்காது. லேமினேட்டையும் ஃபோமையும் எடுத்துவிட்டு, கீழே உள்ள சிமென்ட் தரையைச் சமப்படுத்தி, ஈரம் போக நன்றாகக் காயவிட்டு ஒட்டுங்கள்.