சொந்தங்கள் குழுவில் ஒரு முன்பல்

சரஸ்வதி அத்தை, காலை 7:42
கார்த்திக்குப் பந்து பட்டு உடைந்த முன்பல்லை நேற்று எடுத்துவிட்டார்கள். தாடை எலும்பில் ஸ்குரூ பதித்துப் பல் கட்டும் இம்ப்ளான்ட் வைக்கலாமாம். தையில் நிச்சயதார்த்தம். கயல், நீதான் பல் டாக்டர், பார்த்துச் சொல்லம்மா.

கயல்விழி, 7:50
எக்ஸ்ரே பார்த்தேன் அத்தை. வேர் நெடுகப் பிளந்திருக்கிறது, எடுத்தது சரிதான்.

முருகேசன் மாமா, 7:53
நான் வைத்து 3 வருடம் ஆகிறது. கரும்பே கடிக்கிறேன். அதே இடத்துக்குப் போகச் சொல். பெரிய ஸ்குரூவாகப் போடுவார்கள், அசையாது.

மீனா, 7:55
அப்பா, கடிப்பது இருக்கட்டும். குழுவின் முகப்புப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிரிக்கும்போது அந்தப் பல்லுக்கு மேலே ஈறு சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது.

முருகேசன் மாமா, 7:56
அது வெற்றிலைக் கறை.

கயல்விழி, 8:04
வெற்றிலை மேல் பழி போடாதீர்கள் மாமா, அது டைட்டானியம். எலும்புக்குள் ஸ்குரூ, அதன் மேல் அபட்மென்ட் என்ற இணைப்புத் துண்டு, அதற்கு மேல் பல் வடிவ உறையான கேப். உங்கள் ஈறு மெல்லியது, அதனால் உலோகத்தின் நிழல் தெரிகிறது. ஈறு ஓரத்தில் அளவுக் கம்பியைச் செருகினால் கம்பி வெளியே நிழலாடும், அப்படிப்பட்ட ஈறு. கார்த்திக்கும் அதே வாகுதான். அவனுக்கு ஜிர்கோனியா என்ற வெள்ளைப் பீங்கான் வகை அபட்மென்ட் கேளுங்கள்.

முருகேசன் மாமா, 8:06
பெரிய ஸ்குரூ நல்லதில்லையா?

கயல்விழி, 8:15
கடைவாய்க்கு நல்லது. முன்பல்லில் அதுதான் வினை. மேல்தாடையில் உதட்டுப் பக்க எலும்பு காகிதம் மாதிரி, பல்லை எடுத்ததும் அதுதான் முதலில் கரையும். ஸ்குரூவுக்கு வெளியே 2 மி.மீ. எலும்பாவது நிற்க வேண்டும், பக்கத்துப் பல்லிலிருந்து 1.5 மி.மீ. விலக வேண்டும். 4 மி.மீ. விட்டமே முன்பல்லுக்குப் பெரும்பாலும் போதும். தடித்ததைத் திணித்தால் எலும்பு தேயும், ஈறு மேலே ஏறும், பல் நீளமாகத் தெரியும்.

மீனா, 8:17
அப்பாவுக்கு அதேதான்! கொத்தமல்லித் தழை வேறு அந்தப் பல்லுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவே சந்தில் மாட்டிக்கொள்கிறது.

கயல்விழி, 8:24
ஈறு நிறைக்காமல் விடும் அந்தக் கறுப்பு முக்கோணமா? 1992இல் அமெரிக்காவில் பல் மருத்துவர் டார்னோவின் குழுவினர் இயற்கைப் பற்களில் இதை அளந்தார்கள். இரண்டு பல்லும் தொடும் புள்ளியிலிருந்து எலும்பு 5 மி.மீ.க்குள் இருந்தால் ஏறக்குறைய எப்போதும் ஈறு சந்தை நிறைத்திருந்தது. 6 ஆனால் பாதிக்குச் சற்று மேல். 7 என்றால் நாலில் ஒன்றுதான். ஒற்றை இம்ப்ளான்டில் பக்கத்துப் பல்லின் எலும்புதான் அந்த ஈறைத் தாங்குகிறது.

கார்த்திக், 8:26
அக்கா, அப்போது ஸ்குரூவில் என்ன கேட்க வேண்டும்?

கயல்விழி, 8:33
ஸ்குரூவின் வாயைவிட அபட்மென்ட் குறுகலாக உட்காரும் வகையா என்று கேள். 1991 வாக்கில் 5 மி.மீ. ஸ்குரூ வந்தபோது அதற்குப் பொருந்தும் மேல்துண்டு இல்லை, 4.1 மி.மீ. துண்டையே மாட்டினார்கள். பிறகு எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் தேய்ந்திருந்தது. உதிரிப்பாகம் கிடைக்காததால் வந்த நன்மை! அதோடு சிடி ஸ்கேன் எடுத்து, அண்ணப் பக்கம் சற்றுத் தள்ளி வைக்கச் சொல்.

சரஸ்வதி அத்தை, 8:35
தைக்குள் முடியுமா?

கயல்விழி, 8:38
நிச்சயத்துக்குத் தற்காலிகப் பல்லோடு சிரிக்கலாம் அத்தை. அந்தப் பல்தான் ஈறை மெல்ல ஒதுக்கி உருவம் கொடுக்கும். நிரந்தரக் கேப்புக்கு அவசரப்படுத்தாதீர்கள்.

முருகேசன் மாமா, 8:41
அம்மாடி, எனக்கு ஜிர்கோனியா மாற்றினால் சாம்பல் போகுமா?

கயல்விழி, 8:44
நிழல் அபட்மென்டுடையது என்றால் குறையும். ஸ்குரூவே தெரிகிறது என்றால் ஈறு ஒட்டுதான் வழி. ஞாயிறன்று வாருங்கள், பார்க்கிறேன்.

முருகேசன் மாமா குழுவின் முகப்புப் படத்தை மாற்றினார்.

மீனா, 8:52
அப்பா, இது நம் வீட்டு மாட்டின் படம்.